ஏழு வரிசைத் தையல்

சட்டையைக் கழட்டுடான்னு பெரியப்பா சொன்னது அது மூணாவது தடவை. முதல் தடவை தோளைத் தட்டிச் சொன்னார். ரெண்டாவது தடவை காதுகிட்ட வந்து பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னார். மூணாவது தடவை சுடுகாட்டில் நின்ன அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அப்பா விறகு மேல இருக்கார். முகம் மட்டும் தெரியுது. தண்ணி நிறைச்ச மண்பானை தரையில் இருக்கு. அப்பத்தான் மொட்டையடிச்ச என் தலையில் வெயில் சுரீர்னு இறங்குது. நான் ரெண்டு கையாலயும் சட்டையோட மேல் பொத்தானைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கழட்டுறதுக்கு இல்லை. யாரும் கழட்டிரக் கூடாதுன்னு.

இருங்க அண்ணே, அதுக்கு அப்புறம் வரேன். முதல்ல அந்தத் துண்டை எடுங்க. பாப்பாவுக்கு வேர்த்து ஊத்துது.

கோபப்படாதீங்க. உங்களை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததில்லை, நீங்களும் என்னைப் பார்த்ததில்லை. ஆனா பால் பாட்டிலைப் பிடிக்கும்போது அவன் வலது கையைப் பார்த்துட்டேன். நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டியிருக்கு. இடது கையை விட அது சிறுசு. நீங்க துண்டு போட்டிருக்கிறது குளிருக்கு இல்லை. இந்த வராண்டாவில் ஏது குளிர்? மின்விசிறியே பேருக்குத்தான் சுத்துது. இதோ என் கையைப் பாருங்க. இந்த விரலுக்கு நடுவுல கோடு மாதிரி ஓடுதே, அது தழும்பு. மூணு வயசுல இதே ஆஸ்பத்திரியில் பிரிச்சு விட்டாங்க. சோறு பிசையலாம், வண்டி ஓட்டலாம், எவனையாவது அறையலாம். ஒரு குறையும் இல்லை. விரல் சின்ன விஷயம். அதுக்கு மேல இருக்கிறதுதான் விஷயம். அதைத்தானே மூடியிருக்கீங்க.

என் பேர் தெய்வேந்திரன். வத்தலக்குண்டு. பதினேழு வயசு. ப்ளஸ் ஒன் பாதியில் விட்டாச்சு. இப்ப கடைக்கும் வீட்டுக்கும் தண்ணி கேன் போடுறேன்.

மார்புல விசிறி மாதிரி விரிஞ்சு ஒரு பெரிய தசை இருக்கும்ல, தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல? அது எனக்கு வலது பக்கம் பிறக்கும்போதே கிடையாது. அடிபட்டுப் போகலை, சூம்பிப் போகலை, முளைக்கவே இல்லை. விலா எலும்பு, மேல தோல், முடிஞ்சது. இடது பக்கம் வளர வளர இந்தப் பக்கம் பள்ளமாத் தெரியும். நெஞ்சுக்குள்ள இதயம், நுரையீரல் எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறாங்க, எனக்கு ஒழுங்கா இருக்கு. ஆயிரக்கணக்கான பிள்ளைங்கள்ல ஒண்ணுக்கு இப்படி வருமாம். வயித்துக்குள்ள கை முளைக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் ரத்தம் சரியாப் போகாம இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். யார் மேலயும் தப்பு இல்லைன்னு ரெண்டு தடவை சொன்னார்.

ஆனா எங்க தெருவில் டாக்டரை யார் கேட்டா? எங்க அப்பா டெய்லர். பால்ச்சாமி டெய்லர்னா பஸ் ஸ்டாண்டு பக்கம் எல்லாருக்கும் தெரியும். நான் வயித்தில் இருக்கும்போது ஒரு கிரகணம் வந்திருக்கு. கல்யாண ஆர்டர் ஒண்ணு, பன்னெண்டு சட்டை, அன்னிக்கு உட்கார்ந்து வெட்டித் தள்ளியிருக்கார். கிரகணத்தன்னிக்குப் பிள்ளைத்தாச்சி வீட்டில் கத்தரிக்கோலைத் தொடலாமான்னு நான் பிறந்த அன்னிக்கே என் விரலைப் பார்த்துட்டு ஆரம்பிச்சுட்டாங்களாம். அம்மாதான் சொன்னா. டாக்டர் அதெல்லாம் கிடையாதுன்னு அப்பாகிட்டயே சொல்லியாச்சு. அவரும் தலையை ஆட்டினாராம். உங்க வீட்டம்மாகிட்டயும் யாராவது எதையாவது சொல்லியிருப்பாங்க. காதில் வாங்காதீங்க.

அப்பா ஒரு வேலை செஞ்சார். எனக்கு நாலு வயசில் இருந்து சட்டைக்குள்ள பேடு வச்சுத் தைக்க ஆரம்பிச்சார். கோட்டுக்குத் தோள்ல வைக்கிற பேடு இருக்கே, அதை மாங்காய் மாதிரி வெட்டி, மேல காலர் கேன்வாஸ் ரெண்டு மடிப்பு போட்டு, வலது பக்கம் உள்ளே வச்சு, அது நகராம இருக்க ஏழு வரிசை தையல் ஓட்டுவார். வெளியே பார்த்தா நெஞ்சுல ஏழு கோடு. யாராவது கேட்டா, "அது நம்ம கடை மாடலுங்க"ம்பார். அவர் சட்டையிலயும் அதே ஏழு கோடு ஓட்டிக்குவார். ஒரே துணி, ஒரே கோடு. நானும் அவரும் சேர்ந்து நடந்தா, "என்னப்பா, பேண்டு செட்டு கிளம்பிருச்சா?"ன்னு டீக்கடையில் கேட்பாங்க. அவர் சிரிப்பார். எனக்கு எரிச்சலா வரும். கடைக்கு விளம்பரம் வேணும்னா போர்டு எழுதி வைக்கலாம்ல? பெத்த பிள்ளையையும் சேர்த்துப் போர்டா மாத்தணுமா?

அவருக்கு வெட்கம் அண்ணே. அதான் உண்மை. வெட்கம்னா சின்ன வெட்கம் இல்லை. வீட்டில் மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. பெரியப்பாவுக்கே தெரியாது. கைதான் குறைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தார். ஊரில் எல்லாரோட அளவும் அப்பா நோட்டில் இருக்கும். பேர் எழுதி, தோள் இவ்வளவு, மார் இவ்வளவுன்னு. என் அளவை மட்டும் எழுத மாட்டார். வலது பக்கம் தனியா, இடது பக்கம் தனியா அளந்துட்டு, கண்ணை மூடி வாய்க்குள்ள சொல்லிக்குவார். எழுதி வைக்கக்கூட கூச்சம்.

வருஷத்துக்கு ஒரு தடவை கோயிலுக்குப் போவோம். அந்தக் கோயிலில் ஆம்பளைங்க சட்டையைக் கழட்டிட்டுத்தான் உள்ளே போகணும். அம்மா மட்டும் போய்க் கும்பிட்டுட்டு வருவா. அப்பா என்கூட வெளியே, செருப்பு விடுற இடத்தில் உட்கார்ந்துக்குவார். எனக்காகத்தான் உட்கார்ந்தார்னு நினைச்சுராதீங்க. நானே கேட்டேன், "நீங்க போக வேண்டியதுதானே?"ன்னு. "செருப்பைப் பார்த்துக்க ஆள் வேணாமா?"ன்னார். பத்து வருஷம் அங்கே செருப்புக்குக் காவல் இருந்தார். கூட ஒரு பையனை வச்சுக்கிட்டு சட்டையோட உள்ளே போனா தடுப்பாங்க, ஏன்னு கேட்பாங்க, சொல்லணும். அதுக்குப் பயம்.

ஸ்கூல் விஷயத்துக்கு வரேன்.

கபடின்னா வயித்து வலின்னு சொல்லி உட்கார்ந்துருவேன். அன்னிக்கு ஒரு ஆள் குறைஞ்சது. பி.இ.டி. சார், "ஏய் தெய்வா, தினமும் என்னடா வயித்து வலி? புள்ளையா பெக்கப் போற? எந்திரி"ன்னார். போனேன். பாடிக்கிட்டுப் போனவனை எதிர் டீம் அஜய்கண்ணன் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். டர்ர்ர்னு ஏழு வரிசையும் விட்டுப் போச்சு. பேடு அவன் கையோட வந்துருச்சு.

அவன் முதல்ல பயந்துட்டான். உண்மையாவே. என் நெஞ்சே கழண்டு வந்துருச்சோன்னு பார்த்தான். அப்புறம் தூக்கிக் காட்டினான். "டேய், இவன் உள்ள தோசைக்கல்லு வச்சிருக்கான்டா!" இன்னொருத்தன், "தோசைக்கல்லு இல்லடா மாப்ள, லேடீஸ் ஐட்டம்! தெய்வா இல்லடா இவன், தெய்வானை!" அவ்வளவுதான். அது கை மாறி கை மாறி கிரவுண்டையே சுத்துச்சு. ஒருத்தன் தலையில் தொப்பியா வச்சான். பி.இ.டி. சாரும் சிரிச்சுட்டார். சிரிச்சு முடிச்சுட்டுத்தான் விசில் அடிச்சார். "போதும் போதும், குடுத்துருங்கடா." நான் கிழிஞ்ச சட்டையை ஒரு கையால் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையை நீட்டிக்கிட்டு நின்னேன். என் பேடை என்கிட்டயே பிச்சை வாங்குற மாதிரி.

மறுநாள்ல இருந்து போகலை. படிப்பு ஏறலைன்னு சொல்லிட்டேன். அப்பா ஸ்கூலுக்குப் போய் எச்.எம். ரூம் வாசல்ல ரெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்தார். "படிக்கலைன்னா என்ன, கடைக்கு வா"ன்னார். நான் போகலை. எதிர்லயே தண்ணி கம்பெனியில் சேர்ந்தேன். இருபது லிட்டர் கேன். இடது தோள்ல வச்சு ரெண்டு மாடி ஏறுவேன். நாளைக்கு அறுபது கேன். இந்தத் தோளைத் தொட்டுப் பாருங்க. கல்லு.

அப்புறம் ஆடி மாசம். புதுச் சட்டைக்கு அளவு எடுக்கக் கூப்பிட்டார். கடையில் ஒரு அக்கா பிளவுஸ் வாங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க. "கையைத் தூக்குடா"ன்னார். நான் தூக்கலை.

"பேடு இல்லாம தைங்க"ன்னேன்.

"மெதுவாப் பேசு. ஆள் இருக்காங்க."

"இருக்கட்டும். பேடு இல்லாம தைங்க."

"நாலு பேர் பார்ப்பாங்கடா."

"பார்க்கட்டுமே! எனக்கு என்ன? உங்களுக்குத்தான் அசிங்கம். மார் இல்லாத பிள்ளையைப் பெத்துட்டோம்னு உங்களுக்குத்தான் அசிங்கம். பதிமூணு வருஷமா என்னை மூட்டை கட்டி வச்சிருக்கீங்க."

அதோட விட்டிருக்கலாம். விடலை. ஸ்கூல்ல நடந்தது எல்லாத்தையும் சொன்னேன். தோசைக்கல், தொப்பி, தெய்வானை. "அவனுங்க என் நெஞ்சைப் பார்த்துச் சிரிக்கலை. நீங்க வச்ச பேடைப் பார்த்துத்தான் சிரிச்சானுங்க. வெறும் நெஞ்சோட போயிருந்தா ரெண்டு நாள் பார்த்துட்டு விட்டிருப்பானுங்க. என் படிப்பு போனது உங்களாலதான்"னு சொன்னேன். அந்த அக்கா பிளவுஸை வாங்காமலே போயிட்டாங்க.

அப்பா கழுத்துல கிடந்த டேப்பை எடுத்து மடிச்சு வச்சார். "நான் வெட்டினது. நான்தான் தைச்சாகணும்"னார். எதைச் சொன்னார்னு தெரியலை, மிஷினில் ஏதோ யூனிபார்ம் கிடந்தது. உட்கார்ந்து மிதிக்க ஆரம்பிச்சார். நான் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். ஊசியில் நூல் இல்லை. அவர் பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டே இருந்தார். துணி முழுக்க வெறும் ஓட்டை ஓட்டையா வந்துக்கிட்டு இருந்தது. நூல் இல்லைன்னு நான் சொல்லியிருக்கலாம். சொல்லலை. கோபம்.

ஆடியில் இருந்து ஐப்பசி வரைக்கும் நாங்க பேசிக்கலை. சாப்பாடு வச்சாச்சுன்னு அம்மா மூலமா சொல்லுவார். நானும் அம்மா மூலமா, பசிக்கலைம்பேன். ஆனா சட்டை அதேதான். பேடு வச்ச சட்டைதான் போட்டேன். வேற சட்டை என்கிட்ட கிடையாதே.

தீபாவளின்னா டெய்லர் வீட்டில் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. ஊருக்கே தைச்சுட்டு, எங்க துணியைக் கடைசியா தொடுவார். தீபாவளிக்கு மூணு நாள் இருக்கும்போது வெட்டுற மேஜை மேலயே சரிஞ்சுட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால். எனக்கு எந்தப் பக்கமோ அவருக்கும் அதே பக்கம். இந்த ஆஸ்பத்திரிதான், மேல ரெண்டாவது மாடி. பதினோரு நாள்.

நாலாவது நாள் பேச்சு கொஞ்சம் வந்தது. வாய் ஒரு பக்கமாக் கோணி, வார்த்தை குழைஞ்சு வரும். கேன் லோடை இறக்கிட்டு மத்தியானம் பஸ் ஏறி வந்தேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். கழுத்தில் டேப்பு இல்லாம அவரை நான் பார்த்ததே இல்லை, யாரோ மாதிரி இருந்தார். இடது கையைத் தூக்கி என் நெஞ்சுல, இந்தப் பக்கம், பேடு மேல வச்சார்.

"பிரிச்சிரு"ன்னார்.

"என்னது?"

"இதை. பிரிச்சிரு. நான் பிரிச்சிருப்பேன். கை வரலை."

நான் துண்டை எடுத்து அவர் வாயைத் துடைச்சேன்.

"மிஷின் டிராயர்ல பிளேடு இருக்கு. நூல் சுத்தி வச்சிருக்கேன். இழுக்காத. இழுத்தா துணி கிழிஞ்சிரும். மூணு தையலுக்கு ஒண்ணு வெட்டு. உள்பக்கமா வெட்டு. அப்புறம் வெளிப்பக்கத்து நூலை மெதுவாப் பிடிச்சா தானா வந்துரும். ஓட்டை தெரியும். ரெண்டு துவை துவைச்சா மூடிக்கும்." இவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு கால் மணி நேரம் ஆச்சு. எச்சில் வழிஞ்சுக்கிட்டே இருந்தது. நான் துடைச்சுக்கிட்டே இருந்தேன்.

"சரிப்பா"ன்னேன்.

அன்னிக்கு வீட்டுக்குப் போய் டிராயரைத் திறந்தேன். பாதியா ஒடிச்ச பிளேடு, பிடிக்கிற பக்கம் நீல நூல் சுத்தி, அப்படியே இருந்தது. சட்டைக்குள்ள கையை விட்டு பேடை உள்ளே தள்ளிப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தேன். பேடு இல்லாம எப்படி இருக்கும்னு பார்க்கத்தான். சட்டை அந்தப் பக்கம் உள்ளே விழுந்தது. பிளேடை டிராயரிலேயே வச்சுட்டேன். வேலை இருந்தது அண்ணே. தீபாவளிக்கு ஊருக்குப் போன பசங்க திரும்பலை, எனக்குக் கேன் லோடு ஜாஸ்தி.

அடுத்த தடவை போனப்போ மறுபடியும் கையை வச்சுப் பார்த்தார். பேடு அங்கேயே இருக்கு. சிரிச்ச மாதிரி இருந்தது. வாய் கோணியிருந்ததால் அது சிரிப்புதானான்னு எனக்குத் தெரியலை. அதுக்கப்புறம் பேச்சு வரவே இல்லை.

பதினோராவது நாள் காலையில் போயிட்டார்.

எங்க பக்கம் நீர்மாலைன்னு ஒண்ணு உண்டு. இறந்தவங்களைக் குளிப்பாட்ட மகன்தான் போய்த் தண்ணி எடுத்துட்டு வரணும். தெருக் குழாயடியில் அவனும் குளிச்சு, வெத்து மேலோட, ஈர வேட்டியோட குடம் தூக்கிட்டு வரணும். நான் சட்டையோடவே குளிச்சேன். அப்பவே முணுமுணுத்தாங்க. பெரியப்பாதான், "சின்னப் பய, அப்பனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறான், விடுங்கய்யா"ன்னு அடக்கினார். நல்ல மனுஷன் அவர். அதைச் சொல்லணும்.

குளிப்பாட்டி முடிச்சதும் அம்மா அவரோட நீலச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தா, போட்டுவிடச் சொல்லி. நான்தான் போட்டுவிட்டேன். கை விறைச்சுப் போச்சுல்ல, உள்ளே என் கையை விட்டு அவர் கையைப் பிடிச்சு இழுக்கணும். அப்பத்தான் அந்த ஏழு கோட்டோட உள்பக்கம் கை பட்டது. ஒண்ணும் இல்லை. பேடு இல்லை, கேன்வாஸ் இல்லை. வெறும் தையல். ஏழு வரிசை, ஒண்ணையும் பிடிச்சுக்காம, சும்மா ஓடியிருக்கு. எல்லாச் சட்டையிலயும் அப்படித்தான்னு அம்மா சொன்னா. எதுக்கு இந்த வெட்டி வேலைன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. பதிமூணு வருஷம், எத்தனை சட்டை, எவ்வளவு நூல்?

ஏண்ணே, நீங்க எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்க? தூசி விழுந்துருச்சா?

சரி, சுடுகாடு. மூணாவது தடவை சொல்லியும் நான் கழட்டலை. பெரியப்பா முகம் கறுத்துப் போச்சு. "பெத்த அப்பனுக்கு ஒரு சட்டையைக் கழட்ட மாட்டியாடா? என்னடா அப்படி உன் சட்டைக்குள்ள இருக்கு? புதையலா?"ன்னார். நாலு பேர் சிரிச்சாங்க. துக்க வீட்டுச் சிரிப்பு, உடனே நிறுத்திக்கிட்டாங்க. எனக்கு மொட்டை போட்ட அண்ணன்தான் கிட்ட வந்தார். பானையில் ஓட்டை போடுற கத்தி அவர் கையில் இருந்தது. "என்ன தம்பி, புண்ணு கிண்ணு இருக்கா? என் துண்டைப் போத்திக்கப்பா, யாரும் பார்க்க மாட்டாங்க"ன்னு காதுக்குள்ள சொன்னார். துண்டை வாங்கினேன். போத்தணும்னா முதல்ல கழட்டணும்ல. முதல் பொத்தானைக் கழட்டினேன். சத்தியமா ஒரு பொத்தானைக் கழட்டினேன். அப்புறம் விரல் நகரலை.

நினைச்சுப் பாருங்க. அப்பா நாலடி தூரத்தில் படுத்திருக்கார். அவருக்குத்தான் வெட்கம், அவர்தான் மூடினார், எனக்கு ஒண்ணும் இல்லைன்னு கத்தினவன் நான். இப்ப மூடச் சொல்ல அவர் இல்லை. அவரே பிரிச்சிருன்னும் சொல்லிட்டார். அப்புறம் யார் என் கையைப் பிடிச்சா? அவர் பழக்கினதுதான். சின்ன வயசில் இருந்து அப்படிப் பழக்கிட்டார். வேற என்னன்னு சொல்லுவீங்க?

"நேரம் ஆகுதுப்பா"ன்னு யாரோ சொன்னாங்க.

"யோகேஷு, நீ வாடா. சித்தப்பாவுக்கு நீ தூக்கு"ன்னார் பெரியப்பா. யோகேஷ் அவர் மகன், என்னை விட ஒரு வயசு பெரியவன். அவன் என்கிட்டதான் முதல்ல வந்தான். "டேய் தெய்வா, ப்ளீஸ்டா, கழட்டுடா. உங்க அப்பாடா"ன்னான். அழுதுட்டான். நான் அவனைப் பார்க்கலை, அவன் டீ-ஷர்ட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அவன் ரெண்டு கையாலயும் கீழே பிடிச்சு ஒரே இழுப்பு. தலை வழியா வந்துருச்சு. அவ்வளவுதான் வேலை. ஒரு செகண்டு. ஜிம்முக்குப் போறவன், ரெண்டு பக்கமும் கும்முனு இருந்தது. அந்த நேரத்தில்கூட நான் அதைத்தான் பார்த்தேன். என்ன ஜென்மம் பாருங்க நான்.

பானையை அவன் இடது தோள்ல வச்சாங்க. முதல் சுத்து வந்தான், கத்தியால் ஒரு ஓட்டை. ரெண்டாவது சுத்து, இன்னொரு ஓட்டை. மூணாவது. தண்ணி மூணு கோடா அவன் முதுகுப் பக்கம் பீய்ச்சி அடிச்சது. நாளைக்கு அறுபது தடவை இருபது லிட்டரை இதே தோள்ல தூக்குறவன் நான். அது அஞ்சு லிட்டர்கூட இருக்காது. அவனுக்குத் தோள் பழகலை, பானை ஆடுச்சு. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைடான்னு சொல்லத் தோணுச்சு. சொல்லலை. அப்பா தலைமாட்டில் திரும்பி நின்னு பின்னாடி போட்டான். உடைஞ்சது. கொள்ளியும் அவன்தான் வச்சான்.

குழாயடியில் குளிச்ச ஈரம் வெயிலில் எல்லாம் காஞ்சுபோச்சு. சட்டை காஞ்சது, வேட்டி காஞ்சது. பேடு மட்டும் காயலை. கேன்வாஸ் இல்லையா, தண்ணியைக் குடிச்சு வச்சிருந்தது. அந்த ஒரு பக்கம் மட்டும் சொட்டுச் சொட்டா என் கால்கிட்ட விழுந்துக்கிட்டே இருந்தது. திரும்பிப் பார்க்காம போகணும்னாங்க. அதை மட்டும் செஞ்சேன்.

பெரியப்பா இன்னும் என்கூடப் பேசலை. அம்மா அவர்கிட்ட போய்ச் சொல்றேன்னா. சொல்லாதன்னுட்டேன்.

இதோ இப்ப பெரிய டாக்டர் வருவார். பின்னாடி ஸ்டூடண்ட்ஸ் பதினஞ்சு பேர் நோட்டோட வருவாங்க, பொண்ணுங்களும் இருப்பாங்க. சட்டையைக் கழட்டுப்பான்னா டக்குனு கழட்டிருவேன். ஒரு கூச்சமும் கிடையாது. கையைத் தூக்குன்னா தூக்குவேன், திரும்புன்னா திரும்புவேன். அவங்க யாரோ, நான் யாரோ. முதுகுல இருந்து தசையை எடுத்து முன்னாடி திருப்பி வச்சுத் தைக்கலாம்னு சொல்றார். தையல் எங்க குடும்பத்தை விடாது போல. யோசிச்சுச் சொல்றேன்னு இருக்கேன்.

ஆங், துண்டை எடுத்துட்டீங்களா? பாருங்க, எப்படிச் சிரிக்கிறான். அந்தப் பக்கம் கொஞ்சம் பள்ளமாத்தான் இருக்கு. அவனுக்கு என்ன தெரியும்?

என் நெஞ்சை எதுக்குப் பார்க்கிறீங்க? ஆமா. அதே சட்டைதான். ஏழு கோடு, எண்ணிக்கோங்க. பிளேடும் இந்தப் பாக்கெட்டில்தான் இருக்கு, நூல் சுத்தினபடி. எங்கே போனாலும் கூடவே வச்சிருக்கேன். மூணு தையலுக்கு ஒண்ணு வெட்டு, உள்பக்கமா வெட்டு, இழுக்காதன்னு சொன்னார். அரை மணி நேர வேலை. அவர் போய் மூணு மாசம் ஆச்சு. நான் இன்னும் ஒரு தையல் வெட்டலை.